பாலைவனத்திலிருந்து பார்த்த பாத்திரக்கடை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அடையாறில் எங்கள் வீட்டிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை மனைவி கூப்பிட்டால் போவேன். அவள் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருப்பேன். "இப்பத்தான வந்தோம்" என்பாள். எனக்கு வந்து ரொம்ப நேரம் ஆன மாதிரி இருக்கும்.

தி.நகரில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா போட்ட கடை. அவர் போன பிறகு அண்ணனும் நானும் பார்த்துக்கொள்கிறோம். அண்ணன் கல்லாவில் உட்காருவார். நான் கடை முழுக்க நடந்துகொண்டிருப்பேன். குடம் அடுக்கியது சரியில்லை, குக்கர் மூடி இடம் மாறிக் கிடக்கிறது, வாசலில் வெயில் விழுகிறது, தார்ப்பாயை இறக்கு என்று எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். அண்ணன் அதிகம் பேசமாட்டார். வேலை செய்கிறவர்களும் எங்களிடம் அதிகம் பேசமாட்டார்கள். கடை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனதும், எங்கள் இருவரையும் துபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆரம்பித்தாள். மூன்று நாள் போதும், மார்கழியில்தான் கல்யாணம் கிடையாதே, கடையில் கூட்டம் இருக்காது என்று எனக்கே வியாபாரக் கணக்கு சொன்னாள். பொங்கல் பானைக்குச் சரக்கு எடுக்க வேண்டும் என்றேன். அதற்குள் திரும்பிவிடலாம் என்றாள். கடைசியில் அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "போயிட்டு வாலே. கடை எங்கயும் ஓடிராது" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கடையில் இருந்த கேமராக்களை என் செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு ஆளைக் கூப்பிட்டு ஏற்பாடு செய்துகொண்டேன். திரையில் நாலு கட்டம் தெரியும். வாசல், கல்லா, குக்கர் வரிசை, பின்பக்கம் மேலே சரக்கு ஏற்றி வைக்கிற சேந்தி. சத்தம் மட்டும் வராது. இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. விமானம் இறங்கி போனை உயிர்ப்பித்ததும் முதலில் அதைத்தான் திறந்தேன், பக்கத்து சீட்டிலிருந்து அவள் பார்த்துவிட்டாள்.

முதல் நாள் மகள் போட்டிருந்த திட்டப்படி நடந்தது. டிரைவர் இல்லாமல் ஓடுகிற மெட்ரோவில் முன்னால் நின்றுகொண்டு போனோம். பிறகு ஒரு பெரிய மால். அதன் தரை எங்கள் கடையில் புதுசாய்ப் பிரித்த தாம்பாளத்தைப் போல முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. உள்ளே ஒரு கடையில் எவர்சில்வர் டப்பாக்கள் வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, கனம் பார்த்து, விரலால் சுண்டினேன். விற்பனைப் பெண் ஓடி வந்தாள். மனைவி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உயரமான கோபுரத்துக்கு மேலே போவதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வரிசை நகர நகர நான் போனில் அந்த நாலு கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் படியில் அண்டாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தெருவை ஏற்கெனவே மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இருக்கிற வழியிலும் அண்டாவை வைத்தால் ஆள் எப்படி உள்ளே வருவார்கள்? அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எழுந்து போய் அண்டாவை நகர்த்தச் சொல்வது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து குக்கர் வரிசையில் விளக்கு எரியாததைப் பார்த்து மறுபடியும் போட்டேன். "நீ ஊரைப் பாக்கப் போனியா, என்னைப் பாக்கப் போனியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மேலே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாலைகள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின. அத்தனை கட்டடத்துக்கும் அந்தப் பக்கம் மணல் மங்கலாகத் தெரிந்தது. எவ்வளவு தேடியும் தெருவில் நடந்து போகிற ஓர் ஆள் கண்ணில் படவில்லை. அது எனக்கு என்னவோ போல் இருந்தது. கீழே இறங்கலாம் என்றேன். மகள் இன்னும் ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் பழைய ஊர்ப் பக்கம் போனோம். அங்கே கடல்நீர் ஒரு கால்வாயாக ஊருக்குள் வருகிறது. இக்கரைக்கும் அக்கரைக்கும் மரப்படகுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. நடுவில் பலகை, அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். மனைவிக்கு முதல் தடவையாக அந்த ஊர் பிடித்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் போனைத் திறந்தேன்.

கல்லாக் கட்டத்தில் அண்ணன் நாற்காலியில் இல்லை. முன்னால் போட்டிருந்த ஸ்டூலில், மடியில் ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவரைச் சுற்றிக் கடையில் வேலை செய்கிற அத்தனை பேரும் நின்றார்கள். வாசலில் பாத்திரம் துடைக்கிற அக்கா தலையை ஆட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணனும் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் அப்படி அவரைப் பார்த்திருக்கிறேன். கடையில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாக்காதீங்க. அத்தான் ஏதோ சந்தோஷமா இருக்காரு. அவருக்குத் தெரியாம அதைப் போயிப் பாத்துக்கிட்டு" என்றாள்.

அதற்குள் என் விரல் அண்ணன் எண்ணுக்குப் போய்விட்டது. எதற்காகக் கூப்பிட்டேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. சட்டைப் பையிலிருந்து அண்ணன் போனை எடுப்பதைப் பார்த்தேன். திரையில் பெயரைப் பார்த்தார். அந்த நொடியில் அவர் முகம் மாறியது. சிரிப்பு துடைத்த மாதிரி போய்விட்டது. குடத்தைப் பக்கத்தில் வைத்தார், முதுகை நிமிர்த்தினார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னலே?"

"ஒண்ணும் இல்லண்ணே. கூட்டம் உண்டா?"

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி, நேராகக் கேமராவைப் பார்த்தார். படகில் உட்கார்ந்திருந்த என்னையே பார்ப்பது போல் இருந்தது.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கியா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, எக்கிக் கேமராமேல் மாட்டினார். அந்தக் கட்டம் வெளுத்துப்போனது. அப்புறம் துண்டின் நெசவுதான் தெரிந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் பாலைவனத்துக்கு வண்டி வந்தது. மற்ற மூன்று கட்டமும் தெரிந்தன, ஆனால் எனக்கு அந்த வெள்ளைக் கட்டம்தான் வேண்டியிருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் டிரைவர் வண்டியை நிறுத்தி டயரில் காற்றைக் குறைத்தார். பிறகு மணல் மேட்டில் ஏற்றி இறக்கி, ஒருக்களித்து, சறுக்கி ஓட்டினார். மகள் கத்திக்கொண்டே படம் எடுத்தாள். மனைவி முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் போனை ஜன்னலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். சிக்னல் ஒரு கோடாகி, பிறகு அதுவும் போய்விட்டது.

வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, போட்டோ எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எதிரே இருந்த மேட்டில் ஏற ஆரம்பித்தாள். முட்டி வலி என்று மாடிப்படி ஏறாதவள். கால் புதைந்து புதைந்து, நின்று நின்று, உச்சிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் மணலைத் தவிர ஒன்றும் கிடையாது. சரிசெய்ய வேண்டியது எதுவும் இல்லை. அது எனக்குப் பெரிய அவஸ்தையாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க."

"எத்தன மணிக்குக் கெளம்புவாங்களாம்?"

"கெளம்புறப்பக் கூப்பிடுவாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அண்ணன் அப்படிச் சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்று சொன்னேன். வீட்டில் சிரிப்பாரே, போன பொங்கலன்றைக்குப் பேரன் பேத்தியோடு விளையாடும்போது சிரிக்கவில்லையா என்று கேட்டாள். வீட்டில் சரி, கடையில் பார்த்ததில்லை என்றேன்.

அவள் மணலை அள்ளி விரலிடுக்கில் வடியவிட்டுக்கொண்டே, "நீங்க இருக்கும்போது அங்க யாரு சிரிக்க முடியும்?" என்றாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அண்ணன் முகம் மாறிய அந்த நொடிதான் திரும்பத் திரும்ப வந்தது. வெயில் இறங்கியது, மணல் சட்டென்று குளிர்ந்துபோனது. கீழேயிருந்து மகள் கை காட்டினாள். நாங்கள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது, அன்றைக்கு முதலில் எழுந்தது மனைவிதான்.

மூன்றாம் நாளைக்கு மகள் இரண்டு இடம் வைத்திருந்தாள். ஆனால் அவளுக்கே அலுப்பு, படுத்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மறுபடி அந்தப் படகுத்துறைக்குப் போனோம். அக்கரைக்குப் போய், இறங்காமல், அதே படகில் இக்கரைக்கு வந்தோம். படகுக்காரர் வங்காளத்துக்காரர் போல. மூன்றாவது தடவை எங்களைப் பார்த்து, இறங்கும் இடம் தெரியவில்லையா என்று இந்தியில் கேட்டார். மனைவி தனக்குத் தெரிந்த இந்தியில், சும்மாதான், என்றாள். அவர் சிரித்துவிட்டு இன்ஜின் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்காரச் சொன்னார். என் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. போனை எடுத்தேன், உள்ளே வைத்தேன், எடுத்தேன். ஆனால் திறக்கவில்லை.

சென்னையில் இறங்கி, வீட்டில் பையை வைத்ததும் கடைக்குப் போனேன். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கேமராவில் துண்டு இல்லை. பாத்திரம் துடைக்கிற அக்கா வாசலில் இருந்தார். கூவம் கரையில் குடியிருந்தவர், இப்போது அரசாங்கம் ஊருக்கு வெளியே வீடு கொடுத்து அனுப்பிவிட்டதால் இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

"இன்னா மொதலாளி, ஊரு எப்டி கீது?"

நல்லா இருக்கு என்றேன். அப்புறம் நான் இல்லாதபோது அண்ணன் என்ன பண்ணிக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். அந்த அக்கா என் முகத்தைக் கொஞ்சம் ஆராய்ந்தார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் சொன்னார்.

"பெரியவரு பாடிக்கினே இருந்தாரு மொதலாளி. பழைய பாட்டுங்க. இன்னா கொரலு தெரியுமா? தெருல போற ஆளுங்கள்லாம் நின்னுக்கினு கேட்டாங்க. ரெண்டு பேரு கொடம் கூட வாங்கினு போனாங்க."

அண்ணன் பாடுவார் என்பது எனக்குத் தெரியாது. அவர் வந்ததும் எங்கள் பேச்சு நின்றது. ஊர் எப்படி என்று கேட்டார். எல்லாம் மணல்தான் என்றேன். "அதைப் பாக்கவா அவ்ளோ தூரம்?" என்றபடி கல்லாவில் உட்கார்ந்தார். துண்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "அண்ணே, தைக் கல்யாணக் கூட்டம் ஓஞ்சதும் நீங்களும் அண்ணியும் ஒரு தடவ போயிட்டு வாங்க" என்றேன். அவர் உடனே சரி என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாள் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

அண்ணன் கிளம்புவதற்கு முன் எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். மாலுக்குப் போனால் கால் வலிதான் மிச்சம். கோபுரத்தில் ஏறாவிட்டாலும் ஒன்றும் குறையாது. படகில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். பாலைவனத்தில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்காமல் மேட்டில் ஏறுங்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

போனவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கல்லாவில் உட்கார்ந்து போனை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடை கப்சிப் என்று இருந்தது. நான் எழுந்து நடந்தால் எல்லோரும் கையில் எதையாவது எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பேசச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பேசு என்று சொன்னால் யார் பேசுவார்கள்? கடைசியில் அந்த அக்காதான், "நீங்க ஒரு டீ குட்ச்சிட்டு வாங்க மொதலாளி, நாங்க பாத்துக்கிறோம்" என்று அனுப்பிவைத்தார். பனகல் பார்க்கில் பட்டப்பகலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே எங்கள் கடைச் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போகாமல் இன்னொரு டீ குடித்தேன்.

அண்ணன் வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பாலைவனத்துக்குப் போகவே இல்லையாம், வண்டி குலுக்கினால் வாந்தி வரும் என்று அண்ணி சொல்லிவிட்டார். படகிலும் ஏறவில்லை. தங்கின ஓட்டலுக்குக் கீழே நம் பக்கத்து ஆள் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். அண்ணன் மூன்று நாளும் அங்கேயே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்ல ஊருலே. நீ சொன்ன மாதிரி இல்ல" என்றார் என்னைப் பார்த்து.

அந்த டீக்கடைக்காரர் எப்படிப் பேசுவார் என்று எழுந்து நின்று நடித்துக்காட்ட ஆரம்பித்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன், அவர் நிறுத்தவில்லை. அந்த நேரம் பார்த்து இட்லிப் பானை கேட்டு ஒரு அம்மா வந்தார். யாரையும் கூப்பிடாமல் நானே எடுக்கச் சேந்திக்கு ஏறினேன்.