திராட்சைப் படத்தின் எடை

பழனிசெட்டிபட்டியில் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், வெப்சைட்டும் செய்து தரப்படும் என்று போர்டில் எழுதி வைத்துவிட்டேன். அதுவரை ஒன்றுகூடச் செய்ததில்லை. திமிர்தான்.

முதலில் வந்தவர் கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயி. பந்தலில் பழம் தயாராக நின்றது, ஒரு வாரத்துக்குள் விற்றாக வேண்டும். எர்ணாகுளத்து வியாபாரி ஒருவர், படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். புதுச் சட்டை போட்டு, குலையின் காம்பைப் பிடித்துச் சிரித்தபடி நின்றவரை இரவல் டிஜிட்டல் கேமராவில் நானே எடுத்தேன்.

வெப்சைட்டில் ஏற்றிய படம் டெலிபோன் லைனில் கோடு கோடாக இறங்கியது. பந்தல் தெரிவதற்குள் வியாபாரி பொறுமையிழந்து மூடிவிட்டார். படத்தின் அகலத்தைக் குறைத்து எழுதினேன். திரையில் தபால்தலை அளவுக்கு வந்துவிட்டது, ஆனால் அதே தாமதம். இத்தனை சின்னப் படம் எப்படி இவ்வளவு கனக்கும்? காட்டும் அளவை மட்டும்தான் சுருக்கியிருக்கிறேன், ஃபைல் அப்படியே இரண்டு எம்பியாகக் கிடக்கிறது என்பது புரிய இரண்டு நாள் ஆனது.

உடனே படத்தின் தரத்தைக் கீழே இழுத்தேன். நாற்பது கேபி. சட்டென்று திறந்தது. மறுநாள் காலை விவசாயி வந்து நின்றார், முகமே சரியில்லை.

"தம்பி, கைபட்ட பழம்னு எர்ணாகுளத்துல சொல்லிட்டாக. மாவு எங்கன போச்சு?"

பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் மாவைத்தான் கேட்டார். விரல் பட்டாலே அழிந்துவிடும் என்று பயந்து, திராட்சை விவசாயிகள் காம்பைத் தவிர எதையும் தொடுவதில்லை. நான் தொடாமலே துடைத்திருந்தேன். தரத்தை ஏற்றினால் மாவு வந்தது, படம் நகரவில்லை. இறக்கினால் திறந்தது, மாவைக் காணோம். எது சரியென்றே தெரியாமல் மாலைவரை ஏற்றி இறக்கி, எரிச்சலில் மவுசைத் தட்டினேன்.

அவர்தான் திரையில் விரல் வைத்தார். "குலை மட்டும் போதும்ல? மத்தத வெட்டிரு."

"நீங்க நிக்கிறீகளேண்ணே."

"வெட்டிருப்பா. பழத்தத்தான வாங்கப் போறாக."

வெட்டினேன். படம் சீக்கிரம் திறந்தது, மாவும் தெரிந்தது. வியாபாரி வண்டி அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விவசாயி மனைவியைக் கூட்டிவந்து என் நாற்காலியில் உட்கார வைத்தார். குலை வந்து நின்றதும் அந்த அம்மா குனிந்து திரையின் ஓரங்களில் தேடினார்.

"நீங்க எங்கன இருக்கீக?"

அவர் என்னைப் பார்த்தார்.

"நான் இனிமேத்தான் வருவேன். லைன் கொஞ்சம் ஸ்லோ," என்றார்.

அந்த அம்மா காத்திருந்தார்.