எலுமிச்சை மரத்துக் கூடு

எங்கள் மாடி அறைக்கு எதிரே எலுமிச்சை மரத்தில் தவிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகள் மூன்று. இரை கொண்டுவந்த குருவிகளோ ஆறு. எது தாய், எது தகப்பன் என்று எனக்குப் பிடிபடவில்லை. அறையில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுப் பெண்மணிதான் சொன்னார், மற்றவை போன ஈட்டுக் குஞ்சுகளும் தாய் தகப்பனோடு கூடப்பிறந்தவையும் என்று. எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முன்புதான் என் நாத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

அவளுக்குத் தலைப்பிரசவம். என் மாமியார் இறந்துவிட்டதால் அவளுக்குத் தாய்வீடு என்றால் நாங்கள்தான். "அண்ணி, ஒம்போதாம் மாசம் அங்க வந்துடட்டுமா?" என்று போனில் கேட்டாள். மாடியில் ஆள் இருக்கிறார், கீழே இடம் கம்மி என்றேன். சரிங்க அண்ணி என்று வைத்துவிட்டாள். என் கணவர் வாயே திறக்கவில்லை. பொல்லாப்பை நான் ஏற்றுக்கொண்டால் அவருக்கு நிம்மதி.

என் மகன் பிறந்தபோது எனக்கும் அம்மா இல்லை. கல்லூரிப் பரீட்சையை விட்டுவிட்டு முப்பது நாள் எனக்கு வெந்நீர் வைத்து, துணி அலசிப் போட்டவள் இவள்தான். அதை மறந்துவிட்டு ஒன்றும் நான் அப்படிச் சொல்லவில்லை. தூக்கம் கெடும், பத்தியம் பொங்க வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

கோடை வெயில் ஏறியதும் அந்தப் பெண்மணி சொன்ன தேதிக்கு முன்பே கிளம்பிவிட்டார். அறையைக் கூட்டிப் பூட்டினேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நாளைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

செங்கத்தில், அவள் புருஷன் ஊரிலேயே, குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்கித் தையல் பிரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. மறுநாள் பூண்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சுவரைப் பிடித்தபடி அவளே வந்து கதவைத் திறந்தாள்.

குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "ரூமு காலியாயிடுச்சா அண்ணி?" என்று கேட்டாள். குத்தலே இல்லை. இப்போதாவது வரலாமா என்றுதான் கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை.

"ஒரு மாசமா காலியாதாம்மா இருக்கு."

குழந்தைக்கு அன்று ஒன்பதாம் நாள். அவள் மெல்லக் குனிந்து, குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.