முடியாது என்று சொல்லாத சைக்கிள் கடைக்காரர்

நல்லூர் சைக்கிள் கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மடித்துக் கட்டிய வேட்டி, கையில் எப்போதும் ஒரு பனியன் வேஸ்ட் துணி. எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்பார். "முடியாது" என்று அவர் வாயால் கேட்டதேயில்லை.

என் பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புது பிரேக் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். மாட்டித் தந்தார். முதல் இறக்கத்திலேயே டயர் கிழிந்து விழுந்தேன். புது பிரேக்கின் கைகள் குட்டை. பிரேக் கட்டை ரிம்மை எட்டாமல் டயரைத் தேய்த்திருக்கிறது.

"எட்டாதுன்னு தெரியும்லா? சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி!" என்று கத்தினேன். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம்.

"ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. எப்படிங்க ஆகாதுன்னு சொல்றது? நாளைக்கு வாங்க, சரி பண்ணிர்லாமுங்க."

மறுநாள் நீளமான கைகளுள்ள பழைய பிரேக் மாட்டியிருந்தார். கச்சிதமாகப் பிடித்தது. எங்கே கிடைத்தது என்றேன். சிரித்தார்.

அன்று மாலை பாலத்து இறக்கத்தில் அவர் தன் சைக்கிளில் எனக்கு முன்னால் போனார். இரண்டு சக்கரத்திலும் பிரேக் இல்லை. செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதையாவது சொல்லக்கூடாதா? நாளைக்கே கழட்டி உங்க சைக்கிள்ல மாட்டிக்கிடுங்க அண்ணாச்சி!"

"ஆகட்டுங்க" என்றார்.

அது இன்னும் என் சைக்கிளில்தான் இருக்கிறது.