துரைசாமிக்குச் சுருட்டு

சாமிக்கு வைத்த பிராந்தியைக் குடித்துவிட்டுத்தான் எல்லம்மா வாசலில் நின்று அப்படி உளறினாள் என்று தெருவே சொல்கிறது. சொல்லட்டும். அன்று காலையிலிருந்து அவள் வாயில் பச்சைத்தண்ணீர்கூடப் படவில்லை.

செங்கல்பட்டில் வெள்ளைக்காரர்களைப் புதைத்த பழைய கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினவன் அவள் புருஷன் முத்துசாமி; அவனுக்கு முன்னால் அவன் அப்பன். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனார்கள். அவனும் போய்ச் சேர்ந்தான். எல்லம்மா மட்டும் வாசல் அறையிலேயே தங்கிவிட்டாள். ஆடு மாடு விரட்டுவாள், முள் வெட்டுவாள், கல்லறைமேல் வடகம் காயவைப்பாள். படுத்திருந்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் லாரிக்கார பக்தவச்சலம் வந்தார். கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டு லாரி ஷெட் போட வேண்டுமாம்.

"கேக்க நாதியில்லாத எடம். நீ வேற வூடு பாத்துக்கோ எல்லம்மா."

வேறு வீடு ஏது? மறுநாள் கடப்பாரையோடு ஆட்கள் வந்தபோது, இருப்பதிலேயே உயரமான கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எதிரே ஒரு சுருட்டையும் புகையவிட்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"துரைசாமி. தெனம் கனவுல வந்து சுருட்டு கேக்கறாரு. நீ பேத்துப் போடு நைனா, எனக்கின்னா?"

கனவு பொய்தான். வீடில்லை என்பது பொய்யா? கடப்பாரைகள் திரும்பிப் போயின. பக்தவச்சலம் விழுந்து விழுந்து சிரித்தார். அதே வாரம் கருங்குழிப் பக்கம் அவர் லாரி குடைசாய்ந்தது. சிரிப்பு நின்றது. முதல் பிராந்தி பாட்டில் அவர் வைத்ததுதான்.

பிறகென்ன, புது லாரி வாங்கினவனெல்லாம் துரைசாமி முன்னால்தான் எலுமிச்சம்பழம் நசுக்கினான். கம்பி வேலி வந்தது, மணி வந்தது. பக்தவச்சலமே தர்மகர்த்தா. கோயில் என்று ஆனதும் அவருக்குத் தீட்டு ஞாபகம் வந்தது.

"பொணக்குழி வெட்னவன் பொஞ்சாதி சாமி வாசல்ல குடியிருக்கலாமா? இன்னிக்கே காலி பண்ணு."

அந்தச் சாமியே அப்படியொரு குழிக்குள்தான் கிடக்கிறது.

எல்லம்மா சண்டை போடவில்லை. பானையையும் புருஷனின் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"போறேன் அண்ணாத்த. அங்க படுத்துகினு கீறது துரை இல்ல, துரைசானியம்மா. குழி வெட்ன என் மாமனாரே சொன்னாரு. பாவம், பொகையில இருமிகினு கீதோ இன்னாவோ. இனிமேலாச்சும் பூ வாங்கி வைங்க."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.