காது மெஷினில் ஒரு வெள்ளைப் புள்ளி

போன மாதம் என் கணவருக்குக் காது மெஷின் வாங்கினோம். ஒரே வரியில் எழுதிவிட்டேன்... அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள், எங்கள் வீட்டு டிவி பக்கத்து ஃபிளாட்டுக்கும் சேர்த்துச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

அவர் காலேஜில் கணக்குப் பேராசிரியர். ரிட்டயர் ஆக இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. பின் பெஞ்சிலிருந்து யாராவது சந்தேகம் கேட்டால், குத்துமதிப்பாக ஒரு பதில் சொல்லிச் சமாளித்து வந்தார். ஒரு நாள் ஒரு மாணவி, "சார், நான் கேட்டது அது இல்ல" என்று சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று மாலைதான் "சரி, வாங்கிடலாம்" என்றார்.

ஒரே நிபந்தனை — யாருக்கும் தெரியக் கூடாது. காதுக்குப் பின்னால் மறைந்து உட்கார்கிற மாடல். நரைமுடியோடு கலந்துவிடுகிற சாம்பல் நிறம். மாப்பிள்ளை பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், வலது காது மெஷினின் வளைவில் பெயிண்ட் உரிந்து ஒரு வெள்ளைப் புள்ளி. எள் அளவு.

"இதை நான் போட மாட்டேன்."

"நல்லா கேக்குதா, இல்லையா?"

"அது வேற விஷயம், சுமதி."

அதுதானே விஷயமே? காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில் இருக்கிற எள்ளை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? இவருக்குச் சண்டை புள்ளியோடா... காதோடா? தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகிவிட்டது. மறுநாளே பெருங்களத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து, தாம்பரத்தில் வாங்கிய கடைக்கே போனோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டுக்குங்க சார், செக் பண்ணிடலாம்" என்று அவர் காதில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று ஏதேதோ வார்த்தைகள் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னார்.

"பெர்ஃபார்மன்ஸ் ஓகே சார். கீறல், கலர் போறது இதெல்லாம் வாரன்ட்டில வராது. யூஸ் பண்றப்ப ஆகுறதுதான?"

"நான் இன்னும் யூஸே பண்ணலம்மா. பெட்டிய பிரிக்கும்போதே இருந்தது."

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன் சார்."

மேனேஜர் அறையைப் பிரித்த மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். நான் வாரன்ட்டி கார்டின் பொடி எழுத்துகளோடு போராடிக்கொண்டிருந்தேன். வெளியே பஸ் ஹாரன், உள்ளே ஏசி இரைச்சல். எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் இவர் மெதுவாகத் தலையைச் சாய்த்தார்.

"டெமோ பீஸாம்."

"யார் சொன்னா?"

"உள்ள. ஸ்டாக் வரலேன்னு டெமோவுக்கு வச்சிருந்ததையே நமக்குக் குடுத்துட்டாங்களாம். ஏதாவது பேசி அனுப்பிடுங்கறார்."

நான் கார்டிலிருந்து நிமிர்வதற்குள் எழுந்துவிட்டார். தடுப்புக் கதவைத் தட்டினார். குரலை உயர்த்தவே இல்லை.

"மெஷின் ரொம்ப நல்லா வேலை செய்யுது சார். நீங்க டெமோ பீஸ்னு சொன்னது தெளிவா கேட்டுது."

மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார்... காதைப் பார்த்தார். தான் விற்ற பொருளே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? "சாரி சார். புதுசா ஆர்டர் போட்டுடறேன். அடுத்த வாரம் வந்துடும். அதுவரைக்கும் இதையே போட்டுக்குங்க" என்றார்.

இவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். மறுக்கவில்லை. புள்ளியோடேயே வீட்டுக்கு வந்தார், புள்ளியோடேயே காலேஜுக்கும் போனார்.

"போட மாட்டேன்னீங்களே?" என்று கேட்டேன்.

"அப்ப எனக்குக் காது கேக்கலைங்கறதுதான் மனசுல இருந்தது. உனக்குக் கேக்காதது அன்னிக்கு எனக்குக் கேட்டுது பாரு... அதுக்கப்புறம் புள்ளி கண்ணுல படவே இல்ல."

பொருளில் இருக்கிற குறையைத் திருப்பிக் கொடுக்கலாம். நமக்குள் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ளும் குறையை எந்தக் கவுன்ட்டரில் கொடுப்பது? இவர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

புது மெஷின் வந்தது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இவர் காதைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வதை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "இன்னா சார் காதுல? புளூடூத்தா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இல்லப்பா, காது மெஷின். புதுசு. ஆனா இதுக்கு முன்னாடி ஒண்ணு குடுத்தாங்க பாரு..."

ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் முழுக் கதையும் சொல்லி முடித்தார். பிறகு வாட்ச்மேன், அயர்ன் கடைக்காரர், பின் பெஞ்ச் மாணவர்கள். எனக்குத் தெரிந்து பாக்கி இருந்தது நீங்கள் மட்டும்தான்!