கண்டக்டரின் கணுக்கால்

அறுபதுகளில் கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். வண்டி நிற்குமுன் குதித்து இறங்குவதுதான் எங்களுக்குக் கௌரவம். அப்படி ஒரு நாள் புதுச்சத்திரத்தில் குதித்தேன். உடம்பு ஒழுங்காக இறங்கியது. வலது பாதம் மட்டும் வேறு பக்கம் பார்த்தது. கணுக்கால் இரண்டு பக்கமும் முறிந்து மூட்டும் விலகிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

சும்மா கிடந்தேனா? சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு என்னை விட்டால் யார் டிக்கெட் போடுவது என்ற திமிரில், ஆறாவது வாரமே மாவுக்கட்டை நானே வெட்டி எறிந்துவிட்டுப் போய் ஏறினேன். சிதம்பரம் சேருவதற்குள் கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. எலும்பு மறுபடி நகர்ந்திருந்தது. மறுபடி மாவுக்கட்டு, மூன்று மாதம். அதைப் பிரித்தபோது கணுக்கால் மடங்கவே இல்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

ஓடும் வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று காட்டினால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். நியாயம்தான். டிக்கெட் கிழிக்க இரண்டு கையும் வேண்டுமே.

"வீட்டுல தையல் மிசின் இருக்கா? தெனம் ரெண்டு வேள மிதிச்சிட்டு வாப்பா" என்றார் டாக்டர்.

மிசின் என் மனைவியுடையது. நான் மிதிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணியை நகர்த்துவாள். வலி தாங்காமல் நிறுத்தினால், "ஏங்க, ரவிக்கக் கை பாதியில நிக்குது, மிதிங்க" என்பாள். கருணையே கிடையாது. எங்கள் தெருவின் பாதி ரவிக்கைகள் என் கணுக்காலால் தைத்தவை. சாயங்காலமானால் வீங்கும், பாதமும் லேசாகக் கோணிக்கொண்டுதான் நிற்கும். ஆனாலும் மடங்க ஆரம்பித்தது.

சோதனை நாளன்று வண்டி ஓட்டியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். முதலாளி முன்னால் உட்கார்ந்து என் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நடுவில் கைகட்டி நின்றேன். மச்சானோ தயிர்ப்பானை ஏற்றியவர் மாதிரி மெதுவாக ஓட்டினார்.

"என்னப்பா, மாட்டு வண்டியா ஓட்ற?" என்றார் முதலாளி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரக்கத்தில் கிடைக்கிற வேலை எத்தனை நாளைக்கு?

"மச்சான், வேகமா போயி பிரேக்கப் போடுங்க. நான் நிக்கிறேன்" என்றேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அவர் வேகம் பிடித்தார். பிறகு ஒரே மிதி. கணுக்காலில் சுரீரென்றது, ஆனால் கால் பெயரவில்லை. முதலாளிதான் சீட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். ஓடிப்போய்க் கை கொடுத்தேன். அதைப் பிடித்து எழுந்தார்.

"காசுப் பைய மாட்டிக்க" என்றார், என் கையை இன்னும் விடாமல்.