சாவி என்னிடம்தான் இருந்தது

அந்த இரும்பு அலமாரியில் லென்ஸ் பெட்டிகள் எப்போதும் இருந்தன. கண்புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸ்கள். சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள்; போர்ட் பிளேர் துறைமுகமான ஹேடோவிலிருந்து கப்பலேறி, கடல் காற்றில் ஓரம் ஊறி வந்து சேரும். அவற்றை எண்ணுக்கேற்ப அடுக்கி வைப்பது என் வேலை. தெற்கே ஒரு தீவின் சிறிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவை நடத்த நாங்கள் இருவர்தான் இருந்தோம்: டாக்டரும், உதவியாளனான நானும். இப்போது போர்ட் பிளேரில் வேலை, அங்கேயே டாலிகஞ்சில் வீடு. நல்ல ஊழியன் என்றுதான் என்னைச் சொல்கிறார்கள்.

ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு அம்மா வருவார். இலங்கையின் தேயிலை மலையிலிருந்து சின்ன வயதில் கப்பலில் வந்து, அந்தத் தீவில் ரப்பர் பால்வெட்டிப் பிழைத்தவர். டாக்டர் அவருடைய வலது கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார். மூன்றாம் நாளே சீழ் பிடித்துக் கண் போய்விட்டது. கருவிகளைக் கொதிக்க வைத்ததில் குறையா, மருந்தில் குறையா, எங்களுக்கே தெரியாது. "வயசாயிடுச்சும்மா, நரம்பு வீக்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு இடது கண்ணிலும் புரை முற்றியது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரிந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போனார்.

"இந்தக் கேஸ் நமக்கு வேண்டாம். இதுவும் போச்சுன்னா என்கொயரி வரும். பழசும் சேர்ந்து வெளிய வரும்."

"போர்ட் பிளேருக்கு எழுதிடலாமா சார்?"

"எழுதினா, உங்க ஆபரேஷன் தியேட்டர் எதுக்குன்னு கேப்பாங்க. லென்ஸ் வரலைன்னு சொல்லு. பஸ், கதம், அதோட முடிஞ்சுது."

சொன்னேன். மாதம் ஒரு முறை, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவரும் அவர் கணவரிடம் சொன்னேன். "அடுத்த ஜஹாஜ்ல வரும்." இரண்டு மழைக்காலம் இப்படிக் கப்பலைச் சொல்லியே போயிற்று. முதல் தடவை தரையைப் பார்த்துச் சொன்னேன். பிறகு பழகிவிட்டது. சில நாள் அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் தலையை ஆட்டிவிடுவேன். கணவர் அதைப் பார்த்து, "இன்னும் வரலியாம்" என்று மனைவியிடம் மெல்லச் சொல்வார்.

அந்த மனிதர் நெஞ்சு நோயோடு எங்கள் பொது வார்டில் வந்து படுத்தார். அந்த அம்மா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, கையை உயர்த்தி அவர் முகத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"சார், இப்பவாச்சும் கப்பல் வந்துச்சுங்களா? ஆளு ரொம்ப வத்திப்போயிட்டாருன்னு சொல்றாங்க. கையில எலும்புதான் தட்டுது. ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கிறேனே."

அலமாரிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "இன்னும் வரலம்மா" என்றேன்.

நான்கு நாளில் கணவர் இறந்துபோனார்.

டாக்டர் மாற்றலாகி மெயின்லேண்ட் போனார். அவருக்குப் பதிலாக வந்த இளம் லேடி டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இத்தனை நாள் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஆபரேஷன் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது அந்த அம்மா தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. டாக்டர் அடுத்த நோயாளியிடம் நகர்ந்ததும் என்னிடம் திரும்பி, "அந்தக் கண்ணையும் செஞ்சிருவீங்களா சார்?" என்று கேட்டார்.

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. ஏனோ அன்று முடியவில்லை. முதல் கண் எங்கள் கையால் போனது, அதற்குப் பயந்தே இந்தக் கண்ணைத் தொடவில்லை, லென்ஸ் எப்போதும் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை. ஒரு உள்ளங்கையால் நல்ல கண்ணை மூடி, கொஞ்ச நேரம் இருட்டிலேயே இருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா போர்ட் பிளேருக்குப் போயிருப்போமே" என்றார். "அந்த மனுசன் இருக்கறத வித்தாவது கூட்டிட்டுப் போயிருப்பாரே. அவரு மூஞ்சியப் பாத்திருப்பேனே."

"மன்னிச்சிருங்கம்மா."

அவர் கையை எடுத்துக் கண்ணைத் திறந்து, நர்ஸ் பக்கம் திரும்பிச் சொட்டு மருந்து எப்படி விடுவது என்று கேட்டார்.

மறுமாதம் பரிசோதனைக்குத் தனியாக, யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார். எழுத்து தெரியாதவர்களுக்கான படம் எங்களிடம் உண்டு. அதிலுள்ள E வடிவங்களின் மூன்று கோடுகள் எந்தப் பக்கம் திறந்திருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். நான் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். மேலே, கீழே, இடம், வலம். ஒன்றுகூடத் தப்பாமல் கடைசி வரிவரை காட்டி முடித்தார். என் முகத்தை மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.